குதிரையில் வந்த கேதம்

மேலவாகையூரின் மன்னன் வெள்ளேறன் போர்க்களத்தில் இறந்துவிட்டான் என்ற செய்தி, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுத் தாமதத்துடன், பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில், பால்வண்டி வந்துபோன சற்று நேரத்திற்கெல்லாம் ஊருக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவன் ஒரு குதிரைவீரன். தோல் கவசமும் வலக்கையில் வேலும் முழங்கால்வரை காய்ந்த சேறுமாக வந்தவன், ஊர் நுழைவு வளைவின் கீழே குதிரையை நிறுத்தி, பேருந்துக்குக் காத்திருந்தவர்களைப் பார்த்து, "மேலவாகையூரீர், நும் கோன் களத்தில் பட்டான்" என்றான். சொல்லிவிட்டு, குதிரைக்குத் தண்ணீர் காட்டத் தொட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்ணாலேயே தேடினான்.

அவன் எங்கிருந்து வந்தான், எப்படி வந்தான் என்று யாரும் கேட்கவில்லை. சாவுச் செய்தியைக் கேதம் என்று சொல்லும் அந்தப் பக்கத்தில், கேதம் சொல்ல வந்தவனிடம் அவனைப் பற்றிக் கேட்பது முறையல்ல. ஊர்ப் பெரியவர்களில் ஒருவரும், வெள்ளேறன் புகழ்காக்கும் பேரவையின் தலைவருமான பொன்னுலிங்கம் மட்டும், டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்து, தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"எப்போ எடுக்காவ?"

குதிரைவீரன் சிறிது யோசித்து, "களத்தில் உடல் எடுக்கும் வழக்கம் இல்லை" என்றான். பிறகு, கேத வீட்டில் செய்வதுபோல், வருகிறேன் என்று சொல்லாமல் குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

அவனுக்கு முகவரி கொடுத்தது மேலவாகையூர்தான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சென்னையில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் இயங்கிய நிறுவனம், பழைய போர்க்காப்பியம் ஒன்றை எடுத்து, 'ஏழாம் முரசு' என்ற பெயரில் கணினி விளையாட்டாகச் செய்தது. ஆடுபவர் பேரரசனின் படைத்தலைவனாகி, காடும் கோட்டையும் கடந்து, எதிர்ப்பட்டவர்களை எல்லாம் வெட்டிச் சாய்த்து, முரசுகளை ஒவ்வொன்றாகக் கைப்பற்றி, கடைசியில் ஏழாவது முரசுக்கு உரியவனான வெள்ளேறனைக் கொல்ல வேண்டும். கொன்றால் வெற்றி. காப்பியத்திலும் அப்படித்தான், கடைசிப் படலத்தில் அவன் நெஞ்சில் வேல் தாங்கி விழுகிறான், களத்தின் ஓரத்தில் நிற்கும் ஒரு குதிரைவீரன் அவனுடைய ஊருக்குச் செய்தி சொல்ல விரைகிறான். எந்த ஊர் என்று மட்டும் கவிஞர் சொல்லவில்லை. யாப்புக்கு இடைஞ்சலாக இருந்திருக்கலாம், தெரியாமலும் இருந்திருக்கலாம். அந்த ஊர் எது என்று ஆராய்ந்து பலர் முனைவர் பட்டம் பெற்றார்கள்; ஊர் மட்டும் கிடைக்கவில்லை.

கிடைக்காத ஊருக்கு உரிமை கோருவது எளிது. மேலவாகையூரும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கீழவாகையூரும், ஒருவருக்கொருவர் பெண் கொடுத்துப் பெண் எடுத்துக்கொண்டே, வெள்ளேறன் எங்கள் ஊர் என்று மூன்று தலைமுறையாகச் சண்டை போட்டன. மேலவாகையூர் முந்திக்கொண்டு வளைவு கட்டி, அதன்மேல் மன்னனுக்குச் சிமெண்டில் சிலை வைத்தது. காது வரை மீசை, நெல் மூட்டையை நிமிர்த்தி வைத்ததுபோல மார்பு. விளையாட்டு வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் பொன்னுலிங்கம் இரண்டு வேன் நிறைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்க் கண்ணாடிக் கட்டடத்தின் முன்னால் உட்கார்ந்தார். மன்னனைக் கொல்லக் கூடாது என்பதல்ல அவர்களுடைய கோரிக்கை. தாராளமாகக் கொல்லலாம், ஊர்ப்பெயரைச் சொல்லிவிட்டுக் கொல்ல வேண்டும். இதைவிட மோசமானதை எதிர்பார்த்திருந்த நிறுவனத்தார் நிம்மதிப் பெருமூச்சு விட்டு, அன்று மாலைக்குள் ஒரு வரி சேர்த்தார்கள். வெள்ளேறன் விழுந்ததும் குதிரைவீரனைப் பார்த்து ஒரு குரல், "செல், மேலவாகையூரில் சொல்" என்று ஆணையிடும். ஊர் வெடி போட்டுக் கொண்டாடியது. முகவரி இல்லாமல் ஆயிரம் ஆண்டு நின்றிருந்தவன் முகவரி கிடைத்ததும் புறப்பட்டான். இதில் வியக்க ஒன்றுமில்லை.

கேதத்தைக் காதால் கேட்ட பிறகு கேட்காதது போல இருக்க முடியாது. அன்று மேலவாகையூர் முழுவதும் தலைமுழுகியது. பங்காளி இறந்தால் அடுப்பு எரியக் கூடாது என்பதால் எல்லா வீட்டிலும் அடுப்பை அணைத்தார்கள். கோயில் நடை சாத்தப்பட்டது. பேருந்து நிறுத்தத்தில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை ஏறியது. அதில் வெள்ளேறன் சிறியதாகவும் பொன்னுலிங்கம் பெரியதாகவும் இருந்தார்கள். கேத வீட்டுக்குச் சம்பந்தி வீட்டார் சோறு ஆக்கிக் கொண்டுவருவது முறை. ஊரே கேத வீடாகிவிட்டதால், ஊருக்கே சம்பந்தியான கீழவாகையூர் அண்டா அண்டாவாகச் சோறும் சாம்பாரும் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்தது. மன்னனை மேலவாகையூரிடம் இழந்த வருத்தத்தை அவர்கள் சோறு போட்டுத் தீர்த்துக்கொண்டார்கள்.

தீட்டு கழிவதற்குள் குதிரைவீரன் மறுபடி வந்தான். வேறு யாரோ, வேறு எங்கோ, விளையாட்டை முடித்திருந்தார்கள். அதன்பின் விளையாட்டு நன்றாக விற்றது. கடல் கடந்த ஊர்களிலும் விற்றது. உலகத்தில் எவன் கடைசி அடியை அடித்தாலும் மேலவாகையூர் தலைமுழுக வேண்டியிருந்தது. வருவது ஒரே ஆள்தான். கவசத்தில் இருக்கும் கீறல்கூட அதே கீறல். ஆனால் ஆடி முடித்தவர்கள் அதிகமான நாட்களில், சொல்லிவிட்டுத் திரும்பும் அவனும் சொல்ல வந்துகொண்டிருக்கும் அவனும் ஆற்றுப் பாலத்தில் எதிர்ப்பட்டு, ஒருவருக்கொருவர் ஒதுங்கி வழிவிட்டுப் போனார்கள். பேருந்து ஓட்டுநர்கள் முதலில் ஒலிப்பான் அடித்துப் பார்த்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள்.

ஊரும் பழகிக்கொண்டது. வளைவின் கீழே நின்று கேதம் கேட்பதற்குத் தெருவாரியாக முறை வைத்தார்கள். குதிரைச் சாணம் யார் வயலுக்கு என்று ஒரு பஞ்சாயத்து நடந்து முடிந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் புல்லுக்கட்டு போட ஓர் ஆள் நியமிக்கப்பட்டான். நாளடைவில், ஓயாத துக்கத்தில் ஒரு வசதி இருப்பதை ஊர் கண்டுகொண்டது. கேத வீட்டு வாசலில் கடன்காரன் குரல் உயர்த்த மாட்டான். கட்சிக்காரன் நன்கொடைச் சீட்டை நீட்ட மாட்டான். விருந்தாளி வர மாட்டான். ஆண்கள் சவரம் செய்ய வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஊர் தோன்றிய நாளிலிருந்து முதல்முறையாக, மேலவாகையூரின் பெண்கள் சமைக்காமல் இருந்தார்கள். காலையில் முற்றத்தில் உட்கார்ந்து கையைப் பார்த்தார்கள், அந்தக் கைகளுக்கு வேறு என்னென்ன செய்யத் தெரியும் என்று யோசித்தார்கள், மன்னனுக்கு இன்னும் நெடுங்காலம் சாவு வாய்க்க வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், இரண்டு ஊருக்கும் சேர்த்துப் பொங்க வேண்டியிருந்த பெண்கள், அதே மன்னனை வேறு விதமாக நினைவுகூர்ந்தார்கள்.

ஒன்றை மட்டும் ஒருவரும் செய்யவில்லை. தலைமுழுகினார்கள், நடை சாத்தினார்கள், பதாகை கட்டினார்கள். வெள்ளேறனுக்காக அந்த ஊரில் ஒரு கண்ணும் ஈரமாகவில்லை.

துக்கத்தில் குடியிருப்பது வாழ்ந்து முடித்தவர்களுக்கு வசதி. வாழத் தொடங்க வேண்டியவர்களுக்கு அல்ல. ஆவுடைத்தங்கம் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. அப்பா இறந்து, தம்பியைப் படிக்க வைத்து, இனிமேல் கல்யாணம் எதற்கு என்று உறவினர் பேசத் தொடங்கிய வயதில், கீழவாகையூரில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த தளவாயைத் தானே பார்த்து, தானே பேசி, இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைத்தவள். வைகாசியில் நாள் குறித்தார்கள், குதிரை வந்தது. ஆவணியில் குறித்தார்கள், தீட்டு கழிந்த மறுநாளே, முகூர்த்தத்துக்கு முந்தைய நாள், குதிரை வந்தது. ஐப்பசியில் குறிக்கப் போனபோது சோதிடர், பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் வளைவைப் பார்த்தார். தளவாயின் தாயார், சோற்று அண்டாவைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை பிடித்துக்கொண்டவர், தை மாதத்துக்குள் நடக்கவில்லையென்றால் மகனுக்குத் தீட்டில்லாத ஊரில் பெண் பார்க்கப் போவதாக ஆள் மூலம் சொல்லிவிட்டார்.

ஆவுடைத்தங்கம் பொன்னுலிங்கத்தைத் தன் வீட்டுக்கே வரவழைத்தாள். அவர் அவளுக்குச் சித்தப்பா முறை.

"சித்தப்பா, அந்த ஒரு வரியை எடுக்கச் சொல்லி எழுதிக் குடுங்க. எங்க ஊர் பேரு வேண்டாம்னு."

"எடுத்துட்டா? மறுநாளே கீழவாகையூர்க்காரன் வேன் பிடிச்சுப் போய் உக்காந்துருவான். மன்னர் அவன் கைக்குப் போயிருவாரு."

"போனாப் போகட்டும். அவங்க கொஞ்ச நாள் தலைமுழுகட்டும்."

"ஏட்டி, படிச்ச பிள்ள பேசுற பேச்சா இது? சொந்தப் பாட்டன யாராவது விட்டுக் குடுப்பாவளா?"

"உங்க தாத்தா பேரு என்ன சித்தப்பா?"

"சுப்பையா."

"அவருக்கு அப்பா பேரு?"

பொன்னுலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டார். "அதெல்லாம் இப்ப எதுக்கு?"

அடுப்பில்லாத அடுக்களையிலிருந்து ஆவுடைத்தங்கத்தின் தாய் சண்முகவடிவின் குரல் வந்தது. "கொழுந்தனாருக்கு ஆயிரம் வருசத்துக்கு அந்தப் பக்கம் உள்ளவுகளைத்தான் தெரியும். நடுவுல உள்ளவுகளுக்கு எல்லாம் சிலை வைக்க ஆர்ச்சுல இடம் இல்லலா."

"மதினி, நீங்க வேற."

"நான் என்ன சொன்னேன்? உக்காருங்க, காப்பி போடலாம்னா அடுப்பு இல்ல. உங்க பாட்டனார் செத்துப் போனாரே."

அவர் போய்விட்டார். கேத வீடு என்பதால் சொல்லிக்கொள்ளாமலே போனார்.

மறுநாள் பள்ளி விட்டதும் ஆவுடைத்தங்கம் பாலத்தைக் கடந்து தளவாயின் கடைக்குப் போனாள். அந்த மன்னனைத் தானே பார்க்க வேண்டும் என்றாள். தளவாய் கணினியைத் திறந்தான். காடு வந்தது, கோட்டை வந்தது, கடைசிக் களம் வந்தது. அவன் விரல்கள் ஓடிய வேகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றவள் கேட்டாள்.

"இந்த இடத்துக்கு இதுக்கு முன்னால எத்தன தரம் வந்திருக்கீங்க?"

"சும்மா, ஒண்ணு ரெண்டு தரம்."

"ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தின நாளு?"

தளவாய் திரையைப் பார்த்தபடியே இருந்தான். காது சிவந்தது.

"தெரியாம தங்கம். கல்யாண வேலை எல்லாம் முடிஞ்சுது, சும்மா உக்காந்திருந்தேன். வெட்டணும்னு வெட்டல. அவரு வேலை ஓங்கிக்கிட்டு வந்தாரு, கட்டைவிரலு தானா அமுக்கிட்டு."

"உங்க கல்யாணத்த நீங்களே நிறுத்தியிருக்கீங்க."

"மறுநாள் உங்க தெருவுக்குச் சோறு கொண்டாந்ததும் நான்தானே."

ஆவுடைத்தங்கம் விளையாடும் சாதனத்தை அவன் கையிலிருந்து வாங்கி, எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெள்ளேறன் வேலை ஓங்கிக்கொண்டு வந்தான். எதிரில் இருப்பவர் அடிக்கவில்லை என்று கண்டதும் நின்றான். சற்று நேரத்தில் வேலைத் தரையில் ஊன்றி, அதன்மேல் சாய்ந்துகொண்டான். சிலையில் இருக்கும் மார்பு இல்லை, மீசை இல்லை. மெலிந்த, கண் இடுங்கிய, வெயிலில் நின்று களைத்த ஒரு மனிதன். அவனுக்குப் பின்னால், களத்தின் ஓரத்தில், அந்தக் குதிரைவீரன் சேணத்தின் வாரைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தான். ஊருக்கு வரும் வழியெல்லாம் அவனுக்குத் தெரியும். திரும்பிப் போகும்போது அவன் கையில் ஒன்றும் இருப்பதில்லை. இதைத்தான் அவள் பார்த்தாள்.

"நல்லதுக்கு நாம யாருமே அவரைக் கூப்பிடலியே" என்றாள்.

"யாரை?"

"கெட்டதுக்கு ஆள் விட்டா, கேட்டுக்கிட்டு வந்து தலைமுழுகுதோம். கோயில் கொடைக்குக் கூப்பிட்டோமா? காதுகுத்துக்குக் கூப்பிட்டோமா? இவ்வளவு நாளும் பங்காளி பங்காளின்னு சொல்லிக்கிட்டு, ஒரு பத்திரிகை வச்சிருக்கோமா?"

தை மாதத்தில் நாள் பார்த்து அவளே பத்திரிகை அடித்தாள். தங்கள் நல்வரவை விரும்பும் என்ற இடத்தில், மணமகளின் பெரிய பாட்டனார் வெள்ளேறன் என்று முதல் பெயராகப் போட்டாள். தன் பெயர் அதற்குக் கீழே வந்ததில் பொன்னுலிங்கத்துக்கு வருத்தம் இருந்தது; ஆனால் அதை வெளியே சொல்ல அவருடைய பதவி இடம் கொடுக்கவில்லை.

அவள் தெருவின் முறை வந்த காலையில், வெற்றிலை பாக்கு, மஞ்சள், பத்திரிகை வைத்த தட்டோடு ஆவுடைத்தங்கம் வளைவின் கீழே நின்றாள். குதிரை வந்தது. "மேலவாகையூரீர், நும் கோன் களத்தில் பட்டான்." அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு தட்டை நீட்டினாள்.

"கேதம் சொல்ல வந்தவன் கை நீட்டலாகாது" என்றான் குதிரைவீரன்.

"கேதத்துக்கு நீட்ட வேண்டாம். இது நல்லதுக்கு."

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, தீட்டு வீட்டுல இருந்து பத்திரிகை வைக்கலாமா?"

"மத்தவங்களுக்கு வைக்கக் கூடாது அண்ணாச்சி. செத்தவருக்கு அவரு சாவுத் தீட்டே எப்படி ஒட்டும்?"

அதற்கு எதிரான வழக்கம் டீக்கடையில் யாருக்கும் தெரியவில்லை.

"அவருகிட்ட சொல்லுங்க" என்றாள் அவள், குதிரைவீரனிடம். "நீங்க ஆள் விட்டுச் சொன்ன எல்லாச் சாவையும் கேட்டுக்கிட்டோம். இப்ப நாங்க ஆள் விடுதோம். பேத்திக்குக் கல்யாணம். பெரியவுக வந்து நடத்தித் தரணும். அதுவரைக்கும் இங்க வேற கேதம் வரக் கூடாது. வந்தா இந்தப் பத்திரிகையும் குப்பைக்குத்தான் போகும்."

குதிரைவீரன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "இதுகாறும் எவரும் ஒன்றும் கொடுத்தனுப்பியதில்லை" என்றான். பத்திரிகையைக் கவசத்துக்கு உள்ளே நெஞ்சோடு வைத்துக்கொண்டான். வெற்றிலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலைப்பாகையில் செருகிக்கொண்டான். அன்று குதிரைக்குத் தண்ணீர்கூடக் காட்டாமல் போனான்.

அதன்பின் நடந்ததை உலகம் முழுவதும் பார்த்தது. காரணம் இரண்டு ஊருக்கு மட்டும் தெரியும். கடைசிக் களத்துக்கு வந்த வீரர்கள் வேலை ஓங்கினார்கள், வெள்ளேறன் ஓடினான். காப்பியம் முழுவதிலும் முதுகு காட்டாதவன், நெஞ்சிலன்றி வேறெங்கும் புண்படாதவன் என்று புலவர் பாடிய மன்னன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதுகைக் காட்டியபடி, பனங்காட்டுக்குள் பாய்ந்து ஓடினான். முள்வேலியைத் தாண்டினான். கிணற்றுக்குள் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் நின்றான். துரத்தியவர்கள் கொதித்துப் போனார்கள். நிறுவனத்துக்குப் புகார் குவிந்தது. பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தம் வெளியிடப் போவதாக நிறுவனம் அறிவித்தது. அதற்கு எவ்வளவு நாளாகும் என்று மட்டும் அவர்களால் சொல்ல முடியவில்லை.

பேரவை கொந்தளித்தது. "எங்கள் மன்னரைக் கோழையாக்காதே" என்று எழுதிய பதாகைகளோடு பொன்னுலிங்கம் மறுபடியும் வேன் பிடித்து, அதே கண்ணாடிக் கட்டடத்தின் முன்னால் உட்கார்ந்தார். புறமுதுகிட்டவன் தங்கள் ஊர்க்காரனாக இருக்க முடியாது என்று கீழவாகையூர் தீர்மானம் போட்டு, மூன்று தலைமுறைச் சண்டையை ஒரு மாலையில் முடித்துக்கொண்டது. மேலவாகையூரில் குதிரை வராத நாள் ஒன்று கழிந்தது, பிறகு இன்னொன்று கழிந்தது, புல்லுக்கட்டு காய்ந்தது, பாலத்தில் யாரும் யாருக்கும் ஒதுங்க வேண்டியிருக்கவில்லை. ஆவுடைத்தங்கம் வகுப்பில் அமிலமும் காரமும் நடத்திக்கொண்டே சன்னல் வழியாகச் சாலையைப் பார்த்தாள். தளவாய் கடையை மூடிவிட்டு, யார் யாரோ வெளியிடும் விளையாட்டுக் காட்சிகளைப் பார்த்து, இடைவேளை தோறும் தொலைபேசியில் அவளுக்கு நிலவரம் சொன்னான்.

"இப்போதைக்கு வைக்கோல் போருக்குள்ள இருக்காரு. ஒரு ஜப்பான்காரன் சுத்திச் சுத்தி வாறான்."

"கண்டுபிடிச்சிருவானா?"

"பக்கத்துல போயிட்டான். ஐயோ! இல்ல, இல்ல, தாண்டிப் போயிட்டான். தங்கம், கால்ல செருப்பு இல்லாம ஓடுதாரு."

தீட்டு கழிந்தது. வீடுகளை மெழுகினார்கள், கோயில் நடை திறந்தார்கள், பெண்கள் நீண்ட பெருமூச்சோடு அடுப்பை மூட்டினார்கள். தை மாதத்து முகூர்த்த நாளில், கோயில் மண்டபத்தில், ஆவுடைத்தங்கத்துக்கும் தளவாய்க்கும் கல்யாணம் நடந்தது. தாலி கட்டும் நேரத்தில் மணமகள் தாலியைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தாள். குதிரைக் குளம்பொலி கேட்டது. மேளக்காரர்கூட ஒரு கணம் அடியை நிறுத்தினார். வந்தவன் வளைவில் நின்று எதையும் சொல்லவில்லை. குதிரையைத் தொட்டியோரம் கட்டிவிட்டு, கையைக் காலைக் கழுவிவிட்டு, இன்னொரு ஆளுக்குப் பின்னால் மண்டபத்துக்குள் வந்தான். முடிச்சு விழுந்தது.

அந்த இன்னொரு ஆள் முதல் பந்தியின் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். அன்று காலைதான் போராட்டத்திலிருந்து திரும்பியிருந்த பொன்னுலிங்கம் அதைப் பார்த்துவிட்டார்.

"ஏ, யாருய்யா அது? அது பேரவைக்காரங்களுக்குப் போட்ட இலை. எந்திரிங்க, எந்திரிங்க."

அவர் உடனே எழுந்துவிட்டார். "பொறுத்தருள்க" என்றார். பொன்னுலிங்கம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மெலிந்த உடம்பு, கிழிந்த மேல்துண்டு, செருப்பில்லாத கால். மண்டபத்தின் வாசலில் இருந்து பார்த்தால் சிமெண்ட் மன்னனின் மீசை தெரியும். பொன்னுலிங்கம் அதற்கு நேராக உட்கார்ந்து, மன்னருக்கு நேர்ந்த அவமானத்தைப் பற்றிப் பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்.

மெலிந்த மனிதர் கைகழுவும் இடத்தருகே நின்று காத்திருந்து, கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார். பாயச வாளியோடு வந்தது சண்முகவடிவு.

"மாப்பிள வீடா, பொண்ணு வீடா?"

"பெண் வீடு" என்றார் அவர், இலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

"எந்த வழியில?"

அவர் சற்று யோசித்தார். "சிறிது தொலைவு."

"அதுக்கென்ன, தொலைவுன்னாலும் வந்தீகளே. பக்கத்துல இருக்கவுக வரல." அகப்பையைச் சாய்த்தாள். "என்ன இப்படி மெலிஞ்சிருக்கீக? நேரத்துக்குச் சாப்பிடுறது இல்லையா?"

"நேரம் வாய்ப்பதில்லை."

"வேலை வேலைன்னு ஓடுதவுக எல்லாரும் இதத்தான் சொல்லுதீக. முதுகுல என்ன, முள்ளா? வேலியில விழுந்தீகளா?"

"ஓடி வந்தேன்."

"கல்யாணத்துக்கு இப்படியா ஓடி வருவாவ? சாப்பிடுங்க, அப்புறம் எடுத்து விடுதேன்." அடுத்த இலைக்குப் போனவளை அவர் திரும்பக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்டு வாங்கினார். அவள் சிரித்துக்கொண்டே இரண்டு அகப்பை ஊற்றினாள். வேறு இலைகள் கூப்பிட்டன, முள்ளை மறந்துபோனாள்.

ஆவுடைத்தங்கம் அவரைக் கண்டுகொண்டது, அவருக்குப் பின்னால் நின்றவனின் தலைப்பாகையில் காய்ந்த வெற்றிலை இருந்ததனால். யாரிடமும் சொல்லவில்லை. தளவாயைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காலில் விழுந்தாள். அவர் அட்சதை தூவினார். தளவாய் எழுந்து நின்றபோது வலது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டான். மன்னர் அதைப் பார்த்தார், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மண்டபத்தின் படியில் இறங்கியவர் திரும்பி, கல்யாண வீட்டில் சொல்ல வேண்டிய முறைப்படி, "வருகிறேன்" என்றார்.

விளையாட்டின் திருத்தம் அன்று மாலை வெளியானது.

மறுநாள் காலையில், வாடகைப் பாத்திரங்களை எண்ணி வண்டியில் ஏற்றுவதற்காகச் சண்முகவடிவு வளைவுப் பக்கம் வந்திருந்தாள். பொன்னுலிங்கம் டீக்கடையில் இருந்தார். குதிரை வந்தது.

"மேலவாகையூரீர், நும் கோன் களத்தில் பட்டான்."

பொன்னுலிங்கம் திருப்தியோடு துண்டை இடுப்பில் கட்டினார். "எங்க பட்டுது? மார்புலயா, முதுகுலயா?"

"மார்பில்."

"அப்படிச் சொல்லு. அதான் நம்ம மன்னர்."

சண்முகவடிவு குதிரைவீரனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீரு நேத்துக் கல்யாணத்துக்கு வந்தீரே" என்றாள். "கடைசிப் பந்தியில ஒருத்தருக்குப் பின்னால நின்னீரே. மெலிஞ்சாப்ல, முதுகு பூரா முள்ளா."

குதிரைவீரன் தலை கவிழ்ந்தான்.

"அவுகளா?"

அவன் தலையசைத்தான். சண்முகவடிவின் கையில் இருந்த பாத்திரம் தார்ச்சாலையில் விழுந்து உருண்டது. அவள் அப்படியே சாலையில் உட்கார்ந்தாள். தன் கணவன் இறந்தபோது எழுந்த அதே குரல் அவளிடமிருந்து எழுந்தது.

"நேத்துதானய்யா பாயசம் ரெண்டாந்தரம் கேட்டு வாங்குனீரு! எடுத்து விடுதேன்னு சொன்னேனே, அந்த முள்ளக்கூட எடுத்து விடலியே நான்!"

"மதினி, எந்திரிங்க" என்றார் பொன்னுலிங்கம், சுற்றும் முற்றும் பார்த்து. "இது வழக்கமா வாற கேதம்தானே."

"வழக்கமா வாறதா? என் கையால சாப்பிட்டுட்டுப் போன மனுசன்யா! இலையில இருந்து எழுப்பி விட்டியே, அவுகதான்யா!"

பொன்னுலிங்கம் வளைவின் மேலே இருந்த சிலையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்; துண்டை வாயில் வைத்துக்கொண்டார். வீடுகளிலிருந்து பெண்கள் வந்தார்கள். கேதத்துக்கு வந்தவர்களாக அல்ல, அழுகைக்கு வந்தவர்களாக வந்தார்கள். முதல்நாள் தங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட, ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்த, குழந்தைக்கு வழிவிட்டு ஒதுங்கிய அந்த மனிதரை ஒவ்வொருத்தியாக நினைவுக்குக் கொண்டுவந்து, சண்முகவடிவைச் சுற்றிச் சாலையிலேயே உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, புது மஞ்சள் கயிற்றோடு, சோற்று அண்டாவின் ஒரு காதைத் தான் பிடித்துக்கொண்டு மறுகாதைத் தளவாயிடம் கொடுத்து ஆவுடைத்தங்கம் வந்து சேர்ந்தபோதும் அந்த அழுகை ஓயவில்லை.

குதிரைவீரன் அன்று திரும்பிப் போகவில்லை. வேலைத் தரையில் ஊன்றிவிட்டு இறங்கி, முதல்முறையாகத் தனக்குக் குடிக்கத் தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டு ஆண்களோடு ஓரமாக உட்கார்ந்தான். ஆற்றுப் பாலத்தின்மேல், அடுத்த கேதத்துடன் வந்துகொண்டிருந்த அவனே, அழுகுரல் கேட்டுக் கடிவாளத்தை இழுத்துப் பிடித்து, இவர்கள் அழுது முடிக்கட்டும் என்று அங்கேயே நின்றான்.